ஏலப்பாறையிலிருந்து மதுரை வரை: ஞானத்தின் கழுத்தில் இருந்த ஊதாக் கோடுகள்

ஏலப்பாறையிலிருந்து மதுரைக்கு ரேடியேஷனுக்குப் போவது பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் கணவருக்கு அடுத்த மாதம் தொடங்குகிறதாம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதில் கவனமாக இருப்பது என்று மூன்று கேள்விகள். எழுபதுகளின் நடுவில் என் மனைவி ஞானத்தோடு இதே வழியில் போய் எட்டு வாரம் தங்கியவன் நான். ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது; மிச்ச இரண்டு வாரம் என்னால் வந்தது. அதை விட்டுவிட்டு பஸ் நேரம் மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்.

அப்போது நான் தேயிலை ஃபாக்டரியில் கிளார்க். ஞானத்துக்குக் கழுத்தில் கட்டி. புற்று என்று டாக்டர் சொன்ன அன்றே எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரிடமும் "தைராய்டு, ஒத்தடம் கொடுக்கணுமாம்" என்று சொல்லி வைத்தேன். அந்த நாளில் வீட்டில் ஒருவருக்குப் புற்று என்றால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். சரி, அது ஊரின் குற்றம். என் குற்றம் இனிமேல்தான் வருகிறது.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் குட்டிக்கானம், வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளிக்கு எட்டேகால். ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். குமுளியில் வண்டி மாறி, மலை இறங்கி, கம்பம், தேனி, உசிலம்பட்டி கடந்து மதுரை சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், நடந்தால் ஏழு நிமிடத்தில், ஒரு மாடி அறை கிடைத்தது. ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்ச இடம் இருந்தது. எங்களுக்கு அது போதும்.

முதல் நாள் டாக்டர் ஊதா மையால் ஞானத்தின் கழுத்தில் கோடுகள் போட்டார். அந்தக் கோட்டுக்குள்தான் கரண்ட் வைப்பார்கள். எங்கள் பக்கம் ரேடியேஷனுக்கு அதுதான் பெயர். "கோடு அழியக் கூடாது. சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் சில நிமிட வேலை. வெளியே போகும்போது ஞானம் சர்ச்சில் போடுவது போல முந்தானையைத் தலைக்குப் போட்டுக் கழுத்தை மூடிக்கொள்வாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, குமுளிக்கு அப்பால் இருக்கிற சக்குபள்ளம் போனோம். அங்கே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த என் அக்காவின் மகளுக்கு ஞாயிறு நிச்சயம். நான் தாய்மாமன். சேலைத் தட்டை நான் கொடுக்க வேண்டும், என் மனைவி பெண்ணுக்குப் பூ வைத்துவிட வேண்டும். கை இரண்டையும் தூக்கிப் பூ வைக்கும்போது முந்தானை கழுத்தில் நிற்குமா? மாப்பிள்ளை வீட்டார் கம்பத்துக்காரர்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆட்கள். குமுளியில் பிடித்த ஜீப்பின் டிரைவரே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கழுத்துல என்ன அண்ணாச்சி, மையி?" என்று கேட்டுவிட்டார்.

ஞாயிறு காலை வெந்நீரும் தேங்காய் எண்ணெயும் சோப்பும் பீர்க்கங்காய் நாரும் எடுத்துக்கொண்டு ஞானத்தைக் குளிக்கிற மறைப்புக்குள் கூப்பிட்டேன்.

"டாக்டர் அழிக்கக் கூடாதுன்னுல்லா சொன்னாரு?" என்றாள்.

"திங்கக்கிழமை திரும்பப் போட்டுக்கிடலாம். பிள்ளை கலியாணம் நின்னு போனா நீயா பதில் சொல்லுவே?"

அழிக்கச் சொல்லி அக்கா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. நானே தேய்த்தேன். பதினைந்து நாள் கரண்ட் பட்டுச் சிவந்திருந்த தோல். "எரியுதுங்க" என்றாள் ஒரே ஒரு தடவை. மை போகும் வரை நான் நிறுத்தவில்லை.

நிச்சயம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "கழுத்து ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார். "வேர்க்குரு, மதினி" என்று ஞானம் சிரித்தாள்.

திங்கள் காலை மிஷின் அறையில் இருந்தவர் கழுத்தைப் பார்த்ததும் கத்தினார். "யாரு அழிச்சது?"

"நாந்தாங்க. மறந்து சோப்பு போட்டுட்டேன்" என்றாள் ஞானம்.

"உசிரு மேல ஆசை இல்லையா உனக்கு?"

நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் அழித்தேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? வாசல் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோல் உரிந்திருந்ததால் ஆறும் வரை கரண்ட் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அந்த மாடி அறையில் சும்மா இருந்தோம். இந்த இடைவெளியில் கட்டி மறுபடி வளருமா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினான்கு நாள் கஞ்சி காய்ச்சினேன். ஞானம் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டி திரும்பவில்லை. பல வருஷம் கழித்து வேறு காரணத்தால்தான் போனாள். அது எங்கள் நல்ல காலம், என் நல்ல குணம் இல்லை.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நடக்கிற தூரத்தில் தங்குங்கள். தோலில் படுவது பருத்தித் துணியாக இருக்கட்டும். கழுத்தில் என்றால் வாய் உலர்ந்துவிடும், கஞ்சியும் மோரும் கையில் இருக்கட்டும். இடையில் விசேஷ வீடு எதுவும் வேண்டாம். போட்ட குறி மங்கினால் உடனே போய்ச் சொல்லுங்கள். யாரால் மங்கியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பஸ்ஸில், உசிலம்பட்டி தாண்டியதும் ஞானம் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். புதிதாகப் போட்ட கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கம்பத்தில் ஏறிய ஓர் அம்மா, "என்ன தாயி கழுத்துல?" என்று கேட்டார்.

"கேன்சருக்குக் கரண்டு வச்சது" என்றாள் ஞானம், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உங்களுக்குக் கூச்சமா இருந்தா பின்னால போய் உக்காந்துக்கிடுங்க" என்றாள்.

நான் போகவில்லை. ஆனால் அவள் சொன்ன உடனே என் தலை பின்னால் திரும்பி, சீட் காலியாக இருக்கிறதா என்று பார்த்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.