கேபினட்டுக்குக் காற்று வேண்டும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் தொழிலில் பாதி வேலை, பெட்டிக்குள் காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இருக்கிறதா என்று பார்ப்பது. மீதிப் பாதி, வாங்கிக்கொண்டு போனவர் அந்த வழியை அடைத்துவிடாமல் காவல் காப்பது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு டீ சொல்லிவிட்டு மேலே படியுங்கள். கேபினட் என்று நாம் சொல்லும் வெளிப் பெட்டியை வாங்குகிறவர் யாரும் மதிப்பதில்லை. உள்ளே இருப்பது வெந்து போவதே அந்தப் பெட்டியால்தான் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்.

முதல் இரண்டு சம்பவங்களுக்கு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். மற்றவை சின்னப்பையன் என்கிற ஒரு பெரியவரையும் அவர் மகளின் வேலையையும் பற்றியவை. அவற்றை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

வெளிச்சம் போதும்

சின்னசேலத்திலிருந்து ஒரு மக்காச்சோள வியாபாரி, காலேஜில் சேர்ந்த மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்தார். இரண்டு கேபினட்டுகளை எடுத்து வைத்தேன். ஒன்று முகப்பு முழுக்க வலை போட்டது. பார்க்கக் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும், ஆனால் காற்றைத் தாராளமாக இழுக்கும். இன்னொன்று முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி. உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரியும். காற்று நுழைய ஓரத்தில் ஒரு கீறல்தான் இருக்கும்.

சூடு ஏறினால் மெஷின் மெதுவாகும், அப்புறம் தானாக நின்றுவிடும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "காத்து வர்றது யார் கண்ணுக்குங்க தெரியப்போவுது? வூட்டுக்கு நாலு பேர் வந்தா லைட்டு எரியறதுதானே தெரியும்."

சந்தனம் பூசிய மெஷின்

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில், நான் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் முன் வலை முழுக்கச் சந்தனம். குழைத்துக் கெட்டியாக, ஓட்டை ஒன்று விடாமல் பூசியிருந்தார்கள். அதன் மேல் குங்குமம். அதற்கு மேல் மில்லின் தவிட்டுத் தூசி ஒட்டிக் காய்ந்து சுவர் மாதிரி ஆகியிருந்தது. இது போதாதென்று பின்பக்கம் போட்டிருந்த சாமந்தி மாலையின் இதழெல்லாம் பின் ஃபேனில் சிக்கியிருந்தது.

பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டினேன். மில் மேனேஜர் பக்கத்தில் நின்று, நான் ஏதோ சாமி குத்தம் செய்வதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பக்கத்தில் ஒரு ஓரமாகச் சின்னப் பொட்டு மட்டும் வையுங்கள் என்றேன். அவருக்கு மனசே ஆறவில்லை. "மோட்டாருக்கு வெச்சோம், தராசுக்கு வெச்சோம், லாரிக்கு வெச்சோம். ஒண்ணும் கோச்சிக்கல. இதுக்கு மட்டும் இன்னாங்க இவ்ளோ ரோசம்?"

மலையிலிருந்து இறங்கியவர்கள்

அலமேலு முதல் தடவை கடைக்கு வந்தது பங்குனிக் கடைசியில். பின்னால் அவள் அப்பா, போர்வையில் கட்டிய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர், பெயர் சின்னப்பையன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஊர். மகள் டிகிரி முடித்து, ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். போட்டோக்களில் இருக்கும் வண்டி, ஆள், மரம் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் குறிக்க வேண்டும். மலையில் சிக்னல் நிலைக்காது. அதனால் மகளும் அவளுக்குத் துணையாக அப்பாவும் கீழே இறங்கி, சங்கராபுரம் ரோட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அம்மா இல்லை.

யாரிடமோ பழசாக வாங்கிய கண்ணாடி முகப்புப் பெட்டி அது. வெயில் ஏறினால் தானாக அணைந்துவிடுகிறது. ஷிப்ட் நடுவில் இன்னொரு தடவை அணைந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அவளை மலைக்குத் திரும்பக் கூட்டிப்போய், தாய்மாமன் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். நான் உள்ளே துடைத்து, பிராசசர் சூட்டை இறக்கும் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்தேன். வேறு கேபினட் மாற்றாமல் இது தீராது என்றும், வீட்டில் கம்ப்யூட்டரைக் காற்று வரும் இடத்தில் வைக்கச் சொல்லியும் அனுப்பினேன். அதற்கு அவள் சொன்னாள்: "மலையில காத்து இருக்குதுண்ணா, நெட்டு இல்ல. இங்க நெட்டு இருக்குது, காத்துக்கு எங்க போறது?"

வேர்வை

சித்திரை பிறந்ததும் மறுபடி போன் வந்தது. மெஷின் நிற்கிற மாதிரி இழுக்கிறதாம். வீட்டுக்கே போனேன். சிமென்ட் ஷீட் கூரை. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. அலமேலு ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பெரியவர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஏற்கெனவே இளைப்பு உண்டாம். வெயிலே தெரியாத ஊரில் வளர்ந்த உடம்பு. "ஃபேனை நீங்க வெச்சிக்கலாமேங்க" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக் காட்டினார். "எனக்கு வேர்த்தா தொடைச்சிக்கிறேன் தம்பி. அதுக்கு வேர்த்தா எங்க தொடைக்கிறது?"

உள்ளங்கை

அந்த வாரமே இரண்டு பேரும் கேபினட் எடுக்க வந்தார்கள். கடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்றோட்டத்தைக் காட்ட, கேபினட்டின் ஃபேன்களை ஓடவிட்டு முன்னால் ஒரு ஊதுபத்தியைப் பிடிப்பேன். புகை எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். சில பேர் நான் பூஜை செய்வதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. சின்னப்பையனுக்குப் புகை ஆகாது, இருமினார். பத்தியை அணைத்துவிட்டேன்.

அலமேலு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒன்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த வயசுக்கு ஆசை இருக்காதா? பெரியவர் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் போய் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்கு உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் எல்லாவற்றிலும் அசிங்கமான வலைப் பெட்டிக்கு முன் நின்றுவிட்டார். முன்னால் இரண்டு ஃபேன் இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும், தூசி வடிகட்டும் வலையைக் கழற்றிக் கழுவலாம். கையைப் பின்னால் வைத்தவர் எடுக்கவே இல்லை. அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன். "இதுதாங்க. முன்னாடி பூந்து பின்னாடி போவுது. எடம் மட்டும் இருந்தா நானே இதுக்குள்ள போயி குந்திக்குவேன்."

இரண்டு ஃபேன்

புதுப் பெட்டிக்கு மாற்றிய பிறகு மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இனி இதற்கு வெளியே இருந்து ஃபேன் தேவையில்லை, உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். கடையில் சும்மா கிடந்த பழைய டேபிள் ஃபேன் ஒன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கத்திரி வெயிலில் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். இரண்டு ஃபேனும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அலமேலு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தெனமும் அவரு பக்கம் திருப்பி வெச்சிட்டுத்தாண்ணா ஒக்கார்றேன். நான் திரும்பிக்கினதும் மறுபடி மாத்திடுறாரு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வெளியே இருந்து அடித்தால் உள்ளே போகிற காற்று கெட்டுப்போகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்திக்கூடப் பார்த்தேன். பெரியவர் அசைகிற ஆள் இல்லை. "நல்ல பெட்டிதான், நான்தானே பாத்து எடுத்தேன். ஆனா தம்பி, ஒரு தபா நின்னாலும் எம்பொண்ணு வாழ்க்கை நின்னுபூடும். நான் கொஞ்சம் வெந்தா இன்னா இப்போ?"

ஜில்லென்று

அந்த வெயில் முடிவதற்குள் ஒரு சாயங்காலம், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் கடைக்கு வந்து சொன்னார். சின்னப்பையன் மதியம் சுவரோரம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அலமேலு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷிப்டில் இருந்திருக்கிறாள். முடித்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. டாக்டர் வந்து வெயிலும் இளைப்பும் சேர்ந்துகொண்டது என்றாராம்.

நான் போனபோது ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து சொந்தக்காரர்கள் வண்டியோடு வந்து ஊருக்கு எடுத்துப்போகக் காலை ஆகிவிடும். ஐஸ் பெட்டியின் லோடைத் தாங்கும் பிளக் பாயிண்ட் அந்த அறையில் ஒன்றுதான், அதில் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தது. பெட்டி கொண்டுவந்தவர் தயங்கி நின்றார். அலமேலுதான் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினாள். இத்தனை நாளும் எது நிற்கக் கூடாது என்று அவர் வெந்துகொண்டிருந்தாரோ, அது நின்றது. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

அலமேலுவின் போனில் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். நான் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பதறிப்போய், எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுக்கட்டும், வேலை அப்படியே இருக்கும் என்றாள். அதை அலமேலுவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். "கீழ எறங்குனதுலேர்ந்து எங்கப்பாவுக்கு இன்னிக்குதாண்ணா ஜில்லுனு இருக்குது."

அதற்கப்புறம் காற்றோட்டமான கேபினட் கேட்டு வருகிறவர்களிடம், உங்கள் வீட்டில் ஜன்னல் எத்தனை என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் இவனுக்கு எதற்கு அந்த விசாரணை என்று எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள்.