அண்ணாச்சி எனக்காகப் போட்ட மனு

டில்லி மயூர் விஹாரில் எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வக்கீல் சங்கரபாண்டியன் அண்ணாச்சி இறந்த செய்தி மட்டும் கடைசியாகத்தான் வந்தது. காய்கறி வண்டிக்காரன் சொன்னான்: "வக்கீல் சாப் நஹீ ரஹே. ஆப்கோ நஹீ பதா?" வக்கீல் ஐயா போய்விட்டார், உங்களுக்கே தெரியாதா என்று கேட்டான். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அந்த வீட்டில் முடிவெடுத்திருந்தார்கள்.

ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிய வம்பைப் பிறர் சரியாகச் சொல்வதில்லை.

குடிசைகளை இடிக்க வந்த புல்டோசர் முன்னால் உட்கார்ந்ததற்காக செல்வி என்ற பெண் மீது வழக்குப் போட்டார்கள். முன்ஜாமீன் கிடைக்கும்வரை அவளைக் கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் தங்கவைத்தார் அண்ணாச்சி. சாப்பாடு கொண்டுபோக எனக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் அவளைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

இடம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. ஒன்று, போனை யாரோ ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும், அல்லது நான் உளறியிருக்க வேண்டும். ஊர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் வாய்க்கு அவ்வளவு பெயர். யோசித்துப் பார்த்தால் நானே என்னைத்தான் சந்தேகித்திருப்பேன்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். "உம்ம நம்புதேன் வே. ஆனா ஊரு நம்பணும்லா? எழுதிக் கேட்டுருவோம்." தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். ஆமாம் என்றால் நான் பிழைத்தேன், இல்லை என்றால் செத்தேன். தேச நலன் கருதி இரண்டையும் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டிலும் அதே வரிதான்.

"ஒட்டுக்கேக்கதுகூடப் பெரிசில்ல வே," என்றார். "கேட்டானா இல்லையான்னு சொல்ல மாட்டான் பாரும், அதுலதான் இருக்கு வித்தை. செலவில்லாம நம்மள நாமளே வேவு பாக்க வச்சிருதான்."

அதன்பிறகு என்னிடம் மூட்டுவலியும் தக்காளி விலையும்தான் பேசினார். வழக்குகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

உடலை எடுக்கும் முன் அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, அவுக போயிட்டாக. இப்பமாவது சொல்லுங்க. நீங்கதானே?"

"இல்லக்கா."

"சரி," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்த 'நம்புதேன் வே' ஒன்றுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் சொல்லவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த மனிதர் இந்த ஊரில் இன்னொருவர் இருக்கிறார்: எங்கோ ஓர் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டவர். அவர் வாயைத் திறக்க மாட்டார். என்னைப் போல இல்லை, ரகசியம் காக்கத் தெரிந்தவர்.