விலகி இரு, அதற்கு மேல் ஒரு வார்த்தை

அடி அண்ணாமலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இரண்டு பேர் இருக்கையில்தான் எங்கள் சண்டையெல்லாம் நடந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த அவர் உயிரியல் ஆசிரியை, நான் கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வளரிளம் பருவப் பாடம் எடுக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் பிரிவுக்கு ஒருவராக எங்களிடம் கொடுத்திருந்தார். நான் ஒன்றைத்தான் சொன்னேன்: கல்யாணம் வரைக்கும் விலகி இருங்கள். அதற்கு மேல் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று உண்மையாகவே பயந்தேன்.

"விலகி இருன்னு நானும்தான் சொல்றேன் டீச்சர். எதுல இருந்து விலகணும்னே அதுங்களுக்குத் தெரியலையே" என்பார் அவர்.

"தெரிஞ்சா பயம் கம்மியாயிடும்ங்க."

"பயம் ஜாஸ்தியானா மட்டும் நல்லதா?"

பள்ளிக்கூட நிறுத்தம் வரும்வரை இருவரும் விடமாட்டோம். இறங்கியதும் என் பையையும் சேர்த்து அவரே தூக்கிக்கொள்வார். எனக்கு அப்போது எட்டு மாதம்.

ஒருநாள் மதியத்துக்குப் பிறகு என் வகுப்புப் பெண் ஒருத்தியைக் காணவில்லை. இருவரும் தேடிப் போனோம். கிரிவலப் பாதையோரக் குளத்தின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் கட்டிப்பிடித்துவிட்டானாம். அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது.

"வயித்துல உண்டாயிடுச்சு மிஸ். அப்பா கொன்னுடுவாரு" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

அவர் அந்த ஈரப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டிப்பிடிச்சா கொழந்தை உண்டாவாதும்மா" என்று ஆரம்பித்து, எப்படி உண்டாகும், நாள் ஏன் தள்ளிப்போகும், இஷ்டமில்லாமல் எவனாவது தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இதை ஏன் மிஸ் யாருமே சொல்லல?" என்று அழுதாள் அவள். நிறைமாத வயிற்றோடு நான் மேல்படியில் நின்றிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். போனில் பேசும்போதெல்லாம், 'நீங்க சொன்னதுதான் சரி' என்பதை மட்டும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். போன வருடம் அவர் இறந்த செய்திதான் வந்தது.

இப்போது பாடம் முழுவதையும் நான்தான் எடுக்கிறேன். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "விலகி இருன்னு சொன்னா போதாதாங்க?" என்று கேட்டார். அவர் குரலிலிருந்த பயம் எனக்குப் பழக்கமானது, கோபம் வரவில்லை. அரை மணி நேரம் பேசினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மகளை வகுப்புக்கு அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அதை உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். பஸ்ஸில் என்னோடு சண்டை போட்டவருடைய பெயர் வரைக்கும் விரல் போய்விட்டது.