எங்கடை ஊர் என்று சொன்னேன்

நானும் கணவரும் சாம்பியாவில் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிறோம். மகன் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அந்த ஊரில் பிள்ளைகள் பசித்தால் எந்த வீட்டிலும் சாப்பிடுவார்கள், நித்திரை வந்தால் அங்கேயே படுப்பார்கள். யாரும் தேடிப் போவதில்லை.

சென்ற விடுமுறைக்கு, நான் பிறந்த ஊரான சண்டிலிப்பாயில் என் அண்ணன் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் மத்தியானம் ஐந்து வயது மகனைக் காணவில்லை. ஒழுங்கை முழுவதும் கூப்பிட்டுப் பார்த்தோம். பின்பக்கத் தோட்டக் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு கிடையாது. அதன் பக்கத்தில் அவனுடைய செருப்புகள் கிடந்தன.

கிணற்றில் விழுந்த வாளிகளை எடுக்கும் பாதாளக்கரண்டியை அண்ணன் கயிற்றில் இறக்கினார்.

"ஒண்டும் இராது. நீ அங்காலை போ" என்றார்.

கொக்கி எதிலோ மாட்டியது. எனக்கு ஜெபிக்கவும் வாய் வரவில்லை. மேலே வந்தது ஒரு பழைய வாளி. அவர் மறுபடியும் இறக்கினார்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "உங்கடை பொடியனே? நான் தோட்டத்தாலை வந்து பாக்கிறன், எங்கடை கட்டிலிலை நித்திரை. சட்டியிலை இருந்த சோறும் சாப்பிட்டிட்டான்."

ஓடிப்போய் அவனை எழுப்பி, அடிக்கக் கை ஓங்கினேன்.

"நீங்கள்தானே அம்மா, எங்கடை ஊருக்குப் போறம் எண்டு சொன்னீங்கள்" என்றான்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் இறங்கினாலும், பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே அவனைக் கூட்டிக்கொண்டு அயல் வீடுகளுக்குப் போகிறேன். கிணறு எங்கே, யாரிடம் கேட்டு உள்ளே போகவேண்டும் என்று காட்டுகிறேன். எங்கடை ஊர் என்று மட்டும் சொல்வதில்லை.