அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாளாம்!

போன வாரம் முழங்கை வலி என்று டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் "ஹவ் ஆர் யூ?" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஃபைன், தேங்க்யூ" என்றேன்.

ஃபைனாக இருப்பவள் எதற்கு வேலை மெனக்கெட்டு வந்து, முக்கால் மணி நேரம் வெயிட்டிங் ரூமில் காத்துக் கிடந்து, டாக்டர் முன்னால் உட்காருகிறாள்? நல்லவேளை, அவர் இதைக் கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து ஒரு திருகு திருகினார். "ஐயோ அம்மா!" என்று கத்தினேன். அதைத்தான் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டார்.

இது எங்கள் குடும்ப வியாதி. குடும்பம் என்ன குடும்பம், நம் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிறது! கல்யாணப் பந்தியில் கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கையில் ஊற்றினாலும் "பரவாயில்லை" என்போம். ரயிலில் மூன்று பேர் சீட்டில் ஐந்தாவதாக ஒருவர் வந்து முட்டினாலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்போம். எனக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. என் தங்கைக்குத்தான் வினையாகப் போயிற்று.

தங்கை வசுமதி அமெரிக்காவில் இருக்கிறாள். டல்லாஸ் பக்கம். கணவர், பதினாலு வயதில் ஒரு மகள், மாடி வைத்த வீடு. இந்த மாடிதான் விஷயமே. படுக்கையறைகள் எல்லாம் மேலே. வசுவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை. ஏழு மாதமாகக் கீழே ஹால் சோபாவில்தான் தூக்கம். மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று அங்குள்ள சர்ஜன் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் போதுமா? இன்சூரன்ஸ் கம்பெனி சரி என்று சொல்ல வேண்டுமே! அதற்காகக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை. நான் இருக்கும் சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நானும் ரஜனியும் இடியப்பமும் சொதியுமாக உட்கார்ந்திருந்தோம். ரஜனி யாழ்ப்பாணத்துக்காரி, என் பக்கத்துத் தெரு, மேற்கு சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் நர்ஸ். வசுவிடமிருந்து போன். "அக்கா, மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றாள், ஏதோ பால் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி.

"யாருடி மாட்டேன்னது?"

"இன்சூரன்ஸ்ல. ஆபரேஷன் இப்ப அவசியமில்லையாம். பரவாயில்லக்கா, பாத்துக்கலாம்."

"கடிதத்தைப் படி."

படித்தாள். இரண்டு பக்கம் வழவழ. நடுவில் ஒரு வரி வந்தது — 'எங்கள் நர்ஸுடனான தொலைபேசி உரையாடலில், படியேறுவது உட்பட தன் நிலைமைக்கு ஏற்பத் தான் அட்ஜஸ்ட் ஆகிவிட்டதாக உறுப்பினர் தெரிவித்தார்.'

"நீ என்னடி சொன்ன?"

"அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா கேட்டாக்கா. படியேற கஷ்டமா இருக்கான்னு. நான்… ஐ ஆம் அட்ஜஸ்டிங்னு சொன்னேன்."

போச்சுடா! நம் இங்கிலீஷில் அட்ஜஸ்ட் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அவர்கள் இங்கிலீஷில்? பழகிவிட்டது, பிரச்னை தீர்ந்தது, ஃபைலை மூடு! முன்பின் பார்த்திராத பெண்ணிடம் முதல் போனிலேயே அழுது புலம்பக்கூடாது என்று இவள் நாகரிகம் பார்த்திருக்கிறாள். அதையே சாட்சியமாக எடுத்து அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் இடியப்பம் தொண்டையில் நின்றது.

ரஜனி தண்ணீரை என் பக்கம் தள்ளினாள். "உது பெரிய விசயமே? எங்கட எமர்ஜென்சியில நடந்த கதை கேளுங்கோ. எங்கட ஆள் ஒருத்தர், அங்கிள், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர். வெள்ளைக்கார நர்ஸ் பிள்ளை ஒண்டு, புதுசு, 'எனி பெயின்?' எண்டு கேட்டது. அவர் 'நோ… நோ…' எண்டு முனகினவர். அவளும் வலி இல்லை எண்டு எழுதிப்போட்டாள்!"

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் 'நோ' என்றால் வலி. வயித்து நோ, கால் நோ. மனுஷன் வலி, வலி என்று தாய்மொழியில் கதறியிருக்கிறார். அது காகிதத்தில் ஏறும்போது 'இல்லை, இல்லை' ஆகிவிட்டது.

"அப்புறம்?"

"நான் அந்தப் பக்கத்தால போனபடியால் தப்பினார். அப்பெண்டிக்ஸ். அண்டைக்கே வெட்டி எடுத்தாச்சு. இப்ப நல்ல சுகம், கோயில்ல கண்டா வடை தருவார்."

இங்கேதான் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்ற மாதம் இந்த நாட்டிலேயே கிளேட்டன் என்கிற ஊரிலிருந்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதியிருந்தார் — 'மேடம், சிட்னியில் உட்கார்ந்துகொண்டு எதற்கு அமெரிக்காவைத் திட்டுகிறீர்கள்? இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்?' நியாயமான கேள்விதான். இங்கே என்ன சொர்க்கமா? என் வீட்டுக்காரர் பித்தப்பைக் கல்லுக்காக மாதக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தார். ரஜனியின் எமர்ஜென்சியில் கை உடைந்து போனால், எலும்பு தானாகக் கூடிவிடுமோ என்று பயம் வரும் அளவுக்கு உட்கார வைப்பார்கள். பல்வலி வந்தால், இலவச வைத்தியத்துக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் பச்சை அட்டை உதவாது.

ஆனால் அந்தப் பச்சை அட்டை இருக்கிறதே! அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காக நம் பிள்ளைகள் தலை நரைக்கும்வரை காத்திருக்கிறார்கள். இங்கேயும் ஒரு கிரீன் கார்டு உண்டு, ஆஸ்பத்திரி கவுண்டரில் நீட்டுவதற்கு. நீட்டினேன். வீட்டுக்காரருக்கு முறை வந்தபோது வயிற்றில் துளை போட்டார்கள், கல்லை எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். கல் அவசியமான கல்லா, அவர் கல்லோடு அட்ஜஸ்ட் ஆகிவிட்டாரா என்று எந்தக் கம்பெனியும் போன் செய்து கேட்கவில்லை.

இதற்குக் காரணம் அரசியல்வாதிகளின் தங்கமான மனசு என்று நினைக்காதீர்கள். பயம்! இங்கே ஓட்டுப் போடாவிட்டால் ஃபைன். அதனால் எல்லோரும் போகிறோம். ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூட வாசலில் பிரெட்டில் சாசேஜ் வைத்து விற்பார்கள். நான் சைவம், வெங்காயம் மட்டும் வைத்துத் தரச் சொல்லி வரிசையில் நிற்பேன். அந்த அட்டையில் கை வைத்தால் வெங்காயப் பிரெட் பார்ட்டிகளிலிருந்து சாசேஜ் பார்ட்டிகள் வரை மொத்தமாக எதிராகத் திரும்பிவிடுவோம் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும். வசு பக்கத்திலோ, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொருவர் மேடையேறி இதைச் சரிசெய்வேன் என்கிறார். பிறகு அதே கடிதம் அதே தபால்பெட்டிக்கு வருகிறது.

இன்னொன்றும் என்னைக் கடுப்பேற்றியது. கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. 'கிளினிக்கல் ரிவ்யூ டீம்' என்று இருந்தது. எங்கள் ஊர் ரேஷன் கடையில் "சர்க்கரை இல்ல" என்று சொல்பவருக்கு மூஞ்சி இருந்தது. சர்க்கரை மூட்டை உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த மூஞ்சியோடு சண்டை போடலாம். என் அம்மா போட்டிருக்கிறார், ஜெயித்தும் இருக்கிறார். ஒரு டீமுடன் எப்படிச் சண்டை போடுவது?

போடலாம், அதற்கு அப்பீல் என்று பெயர் என்றாள் வசு. போனிலேயே நடக்குமாம். குடும்பத்தில் ஒருவர் கூட இருக்கலாமாம்.

"நான் வர்றேன்!"

"வா. ஆனா நீ வாயத் தொறக்கக் கூடாது."

இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. ரஜனிதான் டைரக்டர். வீடியோ காலில் இன்சூரன்ஸ் நர்ஸாக உட்கார்ந்து, "ஹவ் இஸ் யுவர் பெயின் டுடே?" என்று கேட்பாள். வசு "நாட் பேட்" என்பாள்.

"ஐயோ கடவுளே! வசு, நோகுதா இல்லையா?"

"நோகுது ரஜனி. ஆனா எல்லாருக்கும் ஏதாவது நோகத்தானே செய்யுது?"

"விசர்க்கதை கதைக்காதைங்கோ! பத்துக்கு எத்தினை?"

"ம்… ஆறு?"

"உந்த எக்ஸ்ரேக்கு ஆறே? ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ, அது காணும், அதுவே போதும்."

உள்ளதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். கடைசி ஒத்திகையில் எட்டு வரைக்கும் வந்தாள். சொல்லிவிட்டு "சாரி" என்றாள்.

அப்பீல் நாள் வந்தது. அங்கே வெள்ளிக்கிழமை மாலை, இங்கே சனிக்கிழமை காலை. என் சமையலறை மேஜையில் போன், ஸ்பீக்கரில். நான் ஒரு பக்கம், ரஜனி ஒரு பக்கம். மியூட் பட்டன் மேல் ரஜனியின் விரல். என் முன்னால் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்த சொற்பொழிவு. பெருநிறுவனங்களின் பொறுப்பு, மனித உரிமை, எல்லாம் அதில் இருந்தது.

ஒரு பெண் குரல். "ஹவ் ஆர் யூ டுடே, மேம்?"

"ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ!" என்றாள் வசு.

ரஜனி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. படியேறுவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அட்ஜஸ்ட் அவள் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது. என் மூன்று வயதிலிருந்து அவளைத் தெரியாதா எனக்கு?

"சமாளிக்கவில்லை" என்றாள் வசு இங்கிலீஷில். "குளிக்க வேண்டும் என்றால் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுகிறேன். போன மாதம் என் கணவர் ஊரில் இல்லை. மகளுக்கு மாடியில் நல்ல காய்ச்சல். அன்றைக்கு அப்படிக்கூட ஏற முடியவில்லை. நாலு படியில் வலி தாங்காமல் இறங்கிவிட்டேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அவளுக்குப் போன் செய்து, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் அம்மா, நீ மேலே வா என்றாள்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. வாரத்துக்கு மூன்று முறை பேசுகிறோம். சாம்பார்ப் பொடி கதையெல்லாம் பேசுகிறோம்! நானும் ஒவ்வொரு முறையும் "எப்படிடி இருக்கே?" என்று கேட்டு, "பரவாயில்லக்கா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? வெட்கமாக இருந்தது.

ரஜனி தானாகவே மியூட்டை எடுத்தாள். "கதையுங்கோ" என்று சைகை காட்டினாள். மூன்று பக்கச் சொற்பொழிவை ஓரமாகத் தள்ளினேன்.

"நான் அவள் அக்கா" என்றேன். "இவளுக்கு வேண்டாம் என்று சொன்னது யார்? பெயர் மட்டும் சொல்லுங்கள்."

"எனக்குத் தெரியாது மேம். டீம்."

"அந்த டீமில் யாராவது இவளைப் பார்த்தார்களா?"

"ஃபைலைப் பார்த்தார்கள் மேம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி அந்தப் பெண் சொன்னாள், "நீங்கள் இப்போது சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறேன். காய்ச்சல், போன், எல்லாம். ஒன்றும் விடவில்லை."

அவளுக்கும் அந்த வேலையில் எத்தனையோ அட்ஜஸ்ட் இருக்கும், பாவம். நன்றி சொல்லி போனை வைத்தோம்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. அனுமதி! 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். யாருக்கு மகிழ்ச்சி என்று பார்த்தேன். இதிலும் கையெழுத்து இல்லை, அதே டீம். முதலில் வேண்டாம் என்றதற்கு ஒரு சாரிகூடக் கிடையாது. எக்ஸ்ரே மாறவில்லை, எலும்பு மாறவில்லை, சர்ஜன் மாறவில்லை. ஒரு வார்த்தை மாறியது, அவ்வளவுதான். இங்கிலீஷ் சரியாக வராத, கூட உட்கார ஒரு ரஜனி இல்லாத எத்தனை பேர் அந்த முதல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சோபாவில் படுத்திருப்பார்களோ?

ஆபரேஷன் முடிந்து நேற்றோடு மூன்று வாரம். காலையில் ரஜனி வந்திருந்தபோது வசுவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாள். பின்னால் மகளின் சத்தம், ஏதோ கதவு சத்தம்.

"எப்படிடி இருக்கே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு இந்த முறை அடுத்த விஷயத்துக்குத் தாவவில்லை. காத்திருந்தேன்.

"பர…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

"வலிக்குதுக்கா! நல்லா வலிக்குது!" என்று கத்தினாள், மாடியிலிருந்து.