சீர் வண்டியின் பிஸ்டன்

போன செவ்வாய்க்கிழமை என் மெக்கானிக் பட்டறையில் இருந்தவர்கள்: நான். மேலநீலிதநல்லூர் முருகையா. அவர் மனைவி பேச்சியம்மாள். வராத ஒருவரும் இருந்தார் — பேச்சியம்மாளின் அண்ணன். பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.

முருகையாவிடம் ஒரு டீசல் லோடு ஆட்டோ. தினமும் காலையில் பூ ஏற்றி வந்து சங்கரன்கோவில் மார்க்கெட்டில் இறக்குவார். ஒரு வாரமாக வண்டி நீலப் புகை கக்கியது. மேட்டில் நின்றது. இரண்டு நாள் பூ வழியிலேயே வாடிவிட்டது. மூன்றாவது நாளும் வாடினால் பூக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

ஆயில் மூடியைத் திறந்தேன். புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. சிலிண்டரின் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். குறைவு. உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி வைத்தேன். ஏறியது. ஏறினால் தேய்மானம் பிஸ்டன் பக்கம். ஏறாவிட்டால் வால்வு. இதில் வேறு ரகசியம் இல்லை.

"என்ஜின் பிரிக்கணும்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. பிஸ்டன் செட்டு வாங்கிட்டே வந்துட்டேன். ஸ்டாண்டர்டு" என்று முருகையா டப்பாவை நீட்டினார்.

"ஸ்டாண்டர்டுன்னு யாரு சொன்னா?"

"மச்சான்தான். கம்பெனியில வந்த என்ஜின், கையே வைக்கலன்னாரு."

ஸ்டாண்டர்டு என்பது கம்பெனி அளவு. சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவோம். முதலில் 0.25 மில்லிமீட்டர். பிறகு 0.50, 0.75, 1.00. மொத்தம் நாலு தடவை. அதற்கு மேல் இரும்பு தாங்காது. பெரிய பிஸ்டன் என்றால் எந்த அளவு என்று அதன் தலையிலேயே அடித்திருக்கும்; ஸ்டாண்டர்டில் இலக்கம் இருக்காது.

வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டு வந்த சீர் அது. மேளம், பழத்தட்டு, பட்டுப்பாவாடை... கடைசியில் மாலை போட்ட இந்த ஆட்டோ. நானும் போயிருந்தேன். "என்ஜின ஒரு பார்வை பாருங்க அண்ணாச்சி" என்று முருகையா காதோடு சொன்னார். சபையில் வைத்துச் சீரைச் சோதிக்கலாமா? பந்தியில் சாப்பிட்டேன். வந்துவிட்டேன். அதன் பிறகு அந்த என்ஜினை யாரும் பிரித்ததில்லை.

கடனுக்கு வாங்கும் வண்டியென்றால் அடியில் படுத்துப் பார்க்கிறோம். சீராக வந்தால் சந்தனம் வைத்து நிறுத்திக்கொள்கிறோம். ஏன்? எனக்குத் தெரியவில்லை.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலை முழுக்கக் கரி. எழுத்து தெரியவில்லை.

"ஏட்டி, ஒன் அண்ணன் தேஞ்ச வண்டியத்தான் நம்ம தலையில கட்டியிருக்காரு" என்றார் முருகையா.

"ஒங்களுக்கு மணிக்கொரு டீ வேணும். வண்டிக்கு நேரத்துக்கு ஆயில் மாத்துனியளா? எங்க அண்ணன் என்ன செய்வாக?"

"எழுத்து இருந்துச்சுன்னா?"

"இருந்துச்சுன்னா இந்த வருசம் அவுக கொண்டாற பொங்கச் சீர நான் தொடல. போதுமா?"

முருகையா சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். பேச்சியம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவரே குனிந்து தேய்த்தார். வளையல் சிலிண்டரில் இடித்தது. கரி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அதற்கடியில், அடித்த இலக்கம்.

0.75.

முருகையா பார்த்தார். டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

பேச்சியம்மாள் துணியை நாலாக மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அண்ணாச்சி, இன்னும் எத்தன வாட்டி கடையலாம்?"

ஒரு தடவைதான்.