வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பேசியவர்

குடவாசலுக்குத் தெற்கே இரண்டு வாய்க்கால் தாண்டி இருக்கிற அந்த ஊரில் விண்ணரசியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவள் எழுதுகிறவள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஜாக்கெட் தைப்பாள், பழைய துணியை வெட்டி ஒட்டி என்னவோ பண்ணுவாள், அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்த என்னவோவைப் பற்றி அவள் செல்போனில் எழுதுகிறாள், அதை வேதாரண்யத்திலும் துபாயிலும் பெண்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால், "துணி ஒட்டுறதப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். அவளுடைய கணவர் பெரியநாயகசாமியும் முதலில் அதைத்தான் கேட்டார்.

யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கொரோனா வருஷத்தில் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி போர்வை தைப்பதைச் செல்போனில் பார்த்தாள். பாஷை பாதிதான் புரிந்தது. கை செய்தது முழுக்கப் புரிந்தது. நடுவில் பஞ்சு வைக்க வேண்டும் என்று தெரிந்ததும், வீட்டில் இருந்த இலவம் பஞ்சை எடுத்து அடைத்தாள். முதல் தடவை துவைத்ததிலேயே பஞ்சு திரண்டு, போர்வைக்குள் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக நின்றது. பெரியநாயகசாமி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது போத்திக்கிறதுக்கா, அவிச்சுத் திங்கிறதுக்கா?" என்றார். அதற்குப் பிறகு நடுவில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைக்க ஆரம்பித்தாள். வெட்டுவதற்கு அளவு வேண்டுமே, அவருடைய முட்டி வலிக்கு எடுத்த எக்ஸ்ரே பிலிமைக் கத்தரித்து அச்சு செய்துகொண்டாள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் ரெஜின்தான் அவள் எழுதிப் போட இணையத்தில் ஒரு பிளாக் தொடங்கிக் கொடுத்தான். இந்த மாதிரிப் போர்வைக்கு ஆங்கிலத்தில் கில்ட் என்பார்கள் என்று 'விண்ணரசி கில்ட்' என்று பெயர் வைத்ததும் வந்து குவிந்தது கூட்டம். எல்லாரும் கில்ட் நகை தேடி வந்தவர்கள். நெக்லஸ் செட் இருக்கிறதா, ஒட்டியாணம் கிடைக்குமா என்று ஒரே விசாரிப்பு. நான்கு நாள் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தாள். பிறகு 'ஒட்டுப்போர்வை' என்று பெயரை மாற்றிவிட்டாள். கூட்டம் கலைந்தது. தைக்கிறவர்கள் மட்டும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்தது தையலுக்காக என்று விண்ணரசி நினைத்தாள். எனக்கு அதில் சந்தேகம். பதிவில் அவள் 'வீட்டுக்காரர்' என்று எழுதிய ஆள் பேசுவதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். இரண்டு துணி சேரும் பள்ளத்தின் மேலேயே தையல் ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்னவோ டிச்சு என்று வருகிறது என்று அவள் முழித்தபோது, "டிச்சுன்னா வாய்க்கால்தானே? வாய்க்கால் தையல்னு எழுதிட்டுப் போ" என்றவர் அவர். கட்டங்களுக்கு நடுவே வரும் நீளப் பட்டைக்கு வரப்பு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். துபாயில் உட்கார்ந்து தைக்கிற பெண்கூட 'அக்கா, என் வரப்பு கோணிக்கிட்டுப் போவுது' என்று எழுதினாள். வரப்பு கோணினால் பங்காளிச் சண்டை வரும் என்று வீட்டுக்காரர் எச்சரிப்பதாக விண்ணரசி பதில் போட்டாள்.

போன மார்கழியில் கூட்டுத் தையல் என்று ஒன்றை அறிவித்தாள். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பதிவு. வாரம் ஒரு வேலையாக அவளோடு சேர்ந்து தைத்தால் கடைசியில் ஆளுக்கு ஒரு போர்வை. பத்தொன்பது பெண்கள் பெயர் கொடுத்தார்கள். தை பிறந்தால் அறுப்பு. அறுப்பு நாளில் செல்போனைத் தொடக்கூட நேரம் இருக்காது. அதனால் ரெஜின் சொல்லிக்கொடுத்தபடி பன்னிரண்டு பதிவையும் ஒரே வாரத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி நாள் குறித்து வைத்துவிட்டாள். வயலுக்குத் தண்ணீர் விட முறை போட்டதுபோல ஆச்சு என்று பெரியநாயகசாமிக்கு அதில் ஒரே சந்தோஷம்.

நான்கு பதிவு வெளியானது. தை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அறுப்பு மிஷின் பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது இவர்களுடைய ஐந்து மா நிலம். வரப்பில் நின்று மிஷினுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த பெரியநாயகசாமி உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது.

விண்ணரசி அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அழுதுடு விண்ணரசி, மனசுல வச்சுக்காத" என்றார்கள். மனதில் வைத்துக்கொள்ளவும் அவளிடம் ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. ஆள் முழுக்க அப்படி இருந்தாள். ரெஜினுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதுகூடப் பக்கத்து வீட்டு ஆண்டனிதான். புதன்கிழமை அடக்கம் முடிந்து திரும்பியதும் மிஷின்காரர் வைரக்கண்ணு வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்.

"வானம் கருக்கலா இருக்குங்க. அறுக்கவா, வேணாங்களா?"

"அறுங்க" என்றாள். ஊர் அதையும் ஒரு வாரம் பேசியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்போன் சத்தம் கொடுத்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள். விண்ணரசி எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது பதிவு. 'மூலை மடிக்கிற வேலை இன்னிக்கு. வீட்டுக்காரர் பார்த்துட்டு, சோறு கட்டுற வாழை இலையக்கூட இவ்ளோ கஷ்டப்பட்டு மடிக்க மாட்டாங்களேங்கிறார்' என்று இருந்தது. அவள் எழுதியதுதான். ஆனால் அவசரத்தில் எழுதிப் போட்டது, ஒரு வரியும் ஞாபகம் இல்லை. அவர் புதிதாக ஒன்று சொன்னதுபோலவே இருந்தது. கீழே வேதாரண்யத்து மோகனப்பிரியா, எப்போதும் முதலில் வருகிறவள், 'அண்ணனைக் கேட்டதா சொல்லுங்க அக்கா' என்று எழுதியிருந்தாள். விண்ணரசி 'சொல்றேன்' என்று பதில் போட்டாள். போட்ட பிறகுதான் என்ன போட்டோம் என்று பார்த்தாள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

அதிலிருந்து அவளுடைய வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. சமைத்தாள், நெல் காயவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். துக்கத்துக்கு வந்திருந்த ரெஜின் திரும்ப விமானம் ஏறியபோது கையசைத்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தால் அடுப்படியில் நின்றுகொண்டு ஆறு மணிக்குக் காத்திருந்தாள். இன்னும் ஏழு இருக்கிறது, இன்னும் ஆறு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. முன்கூட்டியே திறந்து படிக்க முடியும். படிக்கவில்லை. கூட்டுத் தையலில் மற்றவர்களோடு அவளும் உட்கார்ந்து, ஓரம் அடிக்காமல் வைத்திருந்த தன் போர்வைக்கு வாரம் கொஞ்சமாக ஓரம் அடித்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்குத் தஞ்சாவூரிலிருந்து நாத்தனார் எல்சி வந்தாள். பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ அவளிடம் செல்போனை நீட்டியிருக்கிறார்கள். முகம் சிவக்க வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன அண்ணி இது? அண்ணன் இப்புடிச் சொன்னாங்க, அப்புடிச் சொன்னாங்கன்னு போன வெள்ளிக்கிழமைகூடப் போட்டிருக்கீங்க. எங்கண்ணன மண்ணுக்குள்ள வச்சுட்டு இங்க கிண்டலா பண்ணிக்கிட்டு இருக்கீங்க? கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல உங்களுக்கு!"

"இது முன்னயே எழுதுனது எல்சி. நாள் குறிச்சு வச்சிருந்தேன். அதுவா வருது."

"அப்ப நிறுத்துங்க."

"பத்தொம்பது பேர் பாதி போர்வையோட உக்காந்திருக்காங்க."

இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை என்பது இருவருக்குமே தெரிந்தது. எல்சி கோபத்தோடு செல்போனைத் திறந்து மறுபடி படித்தாள். எட்டாவது பதிவு. விண்ணரசி நட்சத்திரம் தைத்துக் காட்டியிருந்தாள். 'இது நட்சத்திரமா, நண்டாங்கிறார் வீட்டுக்காரர்' என்று இருந்தது. எல்சி சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு ஓவென்று அழுதாள். விண்ணரசி முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைக்கிற கைக்கு ஈரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து எல்சி கேட்டாள். "அடுத்த வாரம் அண்ணன் என்ன சொல்லுவாங்க?"

"எனக்கும் ஞாபகம் இல்ல."

"இன்னும் எத்தன இருக்கு?"

"நாலு."

"நாலும் வரட்டும் அண்ணி. கடசிது வந்தன்னிக்கு அண்ணன் போயிட்டாங்கன்னு அந்தப் பத்தொம்பது பேர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. ஊரான் வாயால அவங்களுக்குத் தெரியக் கூடாது. உங்க வாயால சொல்லணும். நீங்க இன்னும் ஒருத்தர்கிட்டகூடச் சொல்லல, தெரியுமா?"

விண்ணரசி யோசித்துப் பார்த்தாள். சரிதான். எல்லாருக்கும் யார் யாரோ சொன்னார்கள். அவள் சொல்லவே இல்லை. சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமையும் ஆறு மணி அடித்த ஐந்தாவது நிமிஷம் எல்சியிடமிருந்து போன் வந்தது. இரண்டு பேரும் அவர் சொன்னதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார்கள்.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது. விண்ணரசி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றாள். எழுத வேண்டியதை முந்தின நாளே மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள்: அன்புள்ள சகோதரிகளுக்கு, ஒரு துக்கச் செய்தி. அதற்கு மேல் ஓடவில்லை. ஆறு மணி. செல்போன் சத்தம் கொடுத்தது.

'ஓரம் அடிச்சாச்சா எல்லாரும்? ஒரு தடவை தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க. போர்வை முடிஞ்சுது. முதல்ல நான்தான் போத்திக்குவேன்னு எங்க வீட்டுக்காரர் ஒரே அடம். அஞ்சு மாவையும் அறுத்துட்டு வந்து, ஒரு நாள் முழுக்க எழுப்பாம தூங்க விடணுமாம். தூங்குற அழகப் பாருங்க.'

அதற்குக் கீழே படம் இருக்க வேண்டிய இடத்தில் படம் இல்லை. தனக்காக அவளே எழுதி வைத்த குறிப்பு, எடுக்க மறந்து, அப்படியே அச்சாகியிருந்தது.

'இங்க அவங்க போத்திக்கிட்டுத் தூங்குற படம். அறுப்பு முடிஞ்சதும் எடுக்கணும். சத்தம் போடாம எடுக்கணும், முழிச்சுக்கிட்டா சிரிச்சுருவாங்க.'

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள். முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் அவர் எப்படித் தூங்குவார் என்று நின்று பார்த்ததில்லையே என்று தோன்றியது. ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது. இத்தனை நாளில் அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான், அது நெஞ்சில் வலித்தது.

செல்போன் மறுபடி சத்தம் கொடுத்தது. மோகனப்பிரியா.

'அக்கா, படத்தைக் காணோமே! அண்ணன் முழிச்சுக்கிட்டாங்களா?'

அன்புள்ள சகோதரிகளுக்கு என்று தொடங்கவில்லை. நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'இல்லம்மா. அவங்க முழிக்கல.'